ஆழம் குறைந்த தண்ணீரில் ஜிக் போட எந்த லைன்?

கேள்வி: வணக்கம் அண்ணா. மே மாதம் சீசன் திறந்ததும் ஒன்ராறியோவின் ரைஸ் லேக்கில் படகு எடுத்து 6 முதல் 10 அடித் தண்ணீரில் ஜிக் (ஈயத் தலை வைத்த தூண்டில்) போட்டு வால்ஐ மீன் பிடிக்கப் பார்க்கிறோம். என் ரீலில் இருப்பது 12 இறாத்தல் தாங்கும் தங்கூசி (நைலோன் லைன்). ஜிக் கீழே போய்ச் சேர்ந்ததா என்றே தெரிவதில்லை, மீன் கொத்துவதும் தெரிவதில்லை. கடைக்காரர் பிரெயிட் (பின்னிய நூல் லைன்) வாங்கு என்கிறார், மச்சான் ஃபுளோரோகார்பன்தான் (தண்ணீரில் எளிதில் தெரியாத பிளாஸ்டிக் லைன்) என்கிறார். எதை வாங்கலாம்? (வாசகர், ஸ்காபரோ)

பதில்: தம்பி, முதலில் அந்த 12 இறாத்தலைக் கழற்றுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். நீங்கள் பிடிக்கப் போகிற வால்ஐ பெரும்பாலும் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ. அதை இழுத்தெடுக்க 6 இறாத்தல் லைனே தாராளம். இந்த மீன்பிடியில் லைனின் பலம் பெரிய விஷயமே இல்லை, தடிப்புத்தான் விஷயம்.

ஏன் என்றால், 8 அடித் தண்ணீரில் நீங்கள் போடுவது எட்டில் ஒரு அவுன்ஸ் ஜிக், அதாவது மூன்றரை கிராம். சாதாரண 12 இறாத்தல் தங்கூசி ஏறக்குறைய 0.33 மில்லிமீற்றர் தடிப்பு. அவ்வளவு தடித்த லைனை இந்தச் சின்ன ஈயம் கீழே இழுத்துக்கொண்டு போக வேண்டும், மேலே காற்று லைனை ஒரு பக்கம் வில் மாதிரி வளைக்கும், குளிர்ந்த தண்ணீரில் தங்கூசி ரீலில் இருந்த சுருளை மறக்காமல் சுருண்டே கிடக்கும், இவ்வளவுக்கும் பிறகு ஜிக் தரையைத் தொட்டது உங்கள் விரலுக்கு எப்படித் தெரியும்? வால்ஐ தூண்டிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற மீனும் இல்லை. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து ஜிக்கை உள்ளே உறிஞ்சும், அதுவும் அநேகமாக ஜிக் கீழே விழுந்துகொண்டிருக்கும்போது. ஒரு சின்னத் 'தொக்', இல்லையென்றால் லைன் திடீரென்று தளர்வது, அவ்வளவுதான் அடையாளம். அதைக் கவனிப்பதற்குள் துப்பிவிடும்.

ஆகவே என் பதில்: ரீலில் 10 இறாத்தல் பிரெயிட், அதன் நுனியில் இரண்டு மூன்று அடி நீளத்துக்கு 6 அல்லது 8 இறாத்தல் ஃபுளோரோகார்பன். கடைக்காரர் சொன்னதும் சரி, மச்சான் சொன்னதும் சரி. 10 இறாத்தல் பிரெயிட் கிட்டத்தட்ட 0.15 மில்லிமீற்றர்தான், 2 இறாத்தல் தங்கூசியின் தடிப்பு. இழுத்தால் நீளாது, அதனால் அந்தத் 'தொக்' நேராகக் கைக்கு வரும். ஆனால் அது பொலிஎதிலீன் நூல், தண்ணீரைவிட இலேசு, மிதக்கும். ஃபுளோரோகார்பன் தண்ணீரைவிட ஒன்றே முக்கால் மடங்கு கனம், தாழும். கல்லில் உரசினாலும் பிரெயிட்டைவிடத் தாங்கும். அந்த ஏரிகளில் வரிச் சிப்பி (ஸீப்ரா மஸல்) ஒட்டின கற்கள் நிறைய இருப்பதால் இது முக்கியம், அந்த ஓட்டின் விளிம்பு பட்டால் பிரெயிட் ஒரு நொடியில் போய்விடும்.

முழு ரீலுக்கும் ஃபுளோரோகார்பன் சுற்றலாமா என்றால், 6 இறாத்தல் என்றால் சுற்றலாம், பலத்த காற்று நாளில் நன்றாகவே வேலை செய்யும். அதற்கு மேலே போனால் விறைப்பு அதிகம், ஸ்பின்னிங் ரீலில் இருந்து சுருள் சுருளாகத் துள்ளி வெளியே வந்து சிக்கிக்கொள்ளும்.

இப்போதைக்குச் செலவு வேண்டாம் என்றால் நல்ல 6 இறாத்தல் தங்கூசி ஒரு சுருள் வாங்குங்கள். தங்கூசியை மட்டமாக நினைக்க வேண்டாம். ஆழத்தில் அது நீள்வது தொல்லை, ஆனால் 8 அடியில், எறிகிற தூரமும் குறைவாக இருக்கும்போது, அந்த நீட்சி அவ்வளவு பாதிக்காது. ஜிக்கில் உயிர் மீன்குஞ்சு கோர்த்துப் போடுபவர்களுக்கு அது உதவிகூடச் செய்யும், மீன் வாய்க்குள் எடுத்ததும் விறைப்பாக ஒன்றும் தட்டுப்படாததால் இன்னும் கொஞ்சம் நேரம் வைத்திருக்கும். ஒரே கண்டிப்பு, ஒவ்வொரு வருடமும் மாற்ற வேண்டும். நைலோன் தண்ணீரை உறிஞ்சும், வெயிலில் பலம் குறையும்.

பிரெயிட் சுற்றும்போது அடியில் கொஞ்சம் பழைய தங்கூசியைச் சுற்றிவிட்டு அதன் மேல் சுற்றுங்கள், இல்லையென்றால் வழுக்கி முழுச் சுருளும் ரீலில் சும்மா சுழலும். இரண்டையும் இணைக்க இரட்டை யூனி முடிச்சு போதும்: பிரெயிட் பக்கம் எட்டுச் சுற்று, மற்றப் பக்கம் ஐந்து. இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்தபடி இறுக்கினால் உரசும் சூட்டில் ஃபுளோரோகார்பன் அந்த இடத்திலேயே பலவீனமாகும். ஜிக்கை நேரடியாக லைனில் கட்டுங்கள், நடுவில் கொளுக்கி, வளையம் எதுவும் வேண்டாம், ஜிக்கின் ஆட்டம் கெட்டுவிடும். கூர்மையான பல்லுள்ள பெரிய மீனான மஸ்கி வந்து கடித்தால் அறுந்துதான் போகும், அதற்குப் பயந்து லைனின் நுனியில் கம்பி போட்டால் வால்ஐ கிட்டவே வராது.

இன்னும் ஒன்று, பிரெயிட்டுக்கு மாறினால் ரீலின் டிராக்கை (மீன் இழுக்கும்போது லைனை விட்டுக்கொடுக்கும் பிடி) தளர்த்துங்கள். லைன் நீளாததால் ஓங்கி இழுத்தால் மீனின் வாய் கிழியும். ஜிக் கல்லில் மாட்டினால் பிரெயிட்டைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது, விரலை எலும்பு வரை வெட்டும். ஒரு தடியில் சுற்றி இழுங்கள்.

கேள்வி: பளிச்சென்ற மஞ்சள் பிரெயிட் விற்கிறார்கள். வால்ஐக்குக் கண் கூர்மை என்கிறார்கள், மஞ்சள் லைன் மீனை விரட்டாதா? (வாசகர், பிக்கரிங்)

பதில்: மஞ்சளையே வாங்குங்கள். அது மீனுக்காக இல்லை, உங்களுக்காக. பல கொத்துகள் கைக்குத் தெரியும் முன்னே கண்ணுக்குத் தெரியும், தண்ணீர் மட்டத்தில் லைன் ஒரு துளி துள்ளும் அல்லது பக்கவாட்டில் நகரும். வால்ஐ நல்லாக இரை தேடுகிற மங்கல் பொழுதில் சாம்பல் நிற லைனை வைத்துக்கொண்டு இதைப் பார்க்கவே முடியாது.

மீனின் கண்ணைப் பற்றி நீங்கள் கேட்டதும் சரியான கேள்விதான். அதன் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற ஒரு படலம் இருக்கிறது, மங்கலில் அதற்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் நுனியில் ஃபுளோரோகார்பன் போடச் சொல்கிறேன். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃபுளோரோகார்பன் 1.42, நைலோன் 1.5க்கு மேல். தண்ணீரை நெருங்க நெருங்கக் கண்ணில் படுவது குறையும், முற்றாக மறையாது. ஒன்ராறியோ ஏரியின் பே ஒஃப் குயின்ரே போன்ற இடங்களில் 1990களில் வரிச் சிப்பி பெருகித் தண்ணீரை வடிகட்டித் தெளிவாக்கிவிட்டது, அங்கே நான்கு ஐந்து அடி கட்டுங்கள், மெல்லிய 6 இறாத்தலே நல்லது. கலங்கிய தண்ணீர், அலையடிக்கும் கரை என்றால் இரண்டடி போதும்.

கேள்வி: அண்ணா, ஸ்கூகொக் ஏரி எங்களுக்குக் கிட்ட. பிள்ளைகளோடு போய் அங்கே வால்ஐக்கு ஜிக் போடலாமா? (வாசகி, ஏஜக்ஸ்)

பதில்: கூடாது தங்கச்சி. அங்கே வால்ஐ எண்ணிக்கை மிகவும் குறைந்துபோனதால் 2016 முதல் வருடம் முழுவதும் தடை. பிடித்துவிட்டு விட்டுவிடலாம் என்பதும் சரிவராது, அதைக் குறிவைத்துத் தூண்டில் போடுவதே சட்டத்துக்கு மாறானது. தவறுதலாக மாட்டினால் உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள். பிள்ளைகளோடு என்றால் அதே ஏரியில் பெர்ச், புளூகில் போன்ற சின்ன மீன்கள் பிடிக்கலாம், 4 இறாத்தல் தங்கூசியும் ஒரு மிதப்பும் புழுவும் போதும். போவதற்கு முன் ஒன்ராறியோ அரசின் அந்த வருட மீன்பிடி விதிகளில் ஸ்கூகொக் இருக்கும் 17ஆம் வலயத்தைப் பாருங்கள், எந்த மீனுக்கு எப்போது திறப்பு, எத்தனை வைத்திருக்கலாம் என்று எல்லாம் அதில் இருக்கிறது.