உங்கள் கறுப்பு எவ்வளவு கறுப்பு? எடிட்டிங் பாணி பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: படத்தைப் பார்த்ததுமே இது இன்னார் எடுத்தது என்று தெரியும்படி எடிட் செய்வது எப்படி? லென்ஸ், டிரைபாட் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளுங்கள். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: காசு கொடுத்து நாலைந்து பிரீசெட் (ஒரே சொடுக்கில் படத்துக்குப் போடும் எடிட் அமைப்பு) தொகுப்புகள் வாங்கினேன். படங்கள் அழகாகத்தான் வருகின்றன. ஆனால் இன்ஸ்டாகிராமில் போட்டால் மற்றவர்கள் படத்துக்கும் என் படத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. எனக்கென்று ஒரு பிரீசெட்டை எப்படி உருவாக்குவது?

பதில்: பிரீசெட் வாங்கியதில் தப்பில்லை. ஆனால் அதில் இருப்பவை வேறு யாரோ, வேறு ஏதோ வெளிச்சத்தில், வேறு ஏதோ முகத்துக்காக எடுத்த முடிவுகள். சந்தையில் ஓடுகிற பிரீசெட்டுகளில் நிறைய இவ்வளவுதான் செய்கின்றன: டோன் கர்வின் (இருட்டு முதல் வெளிச்சம் வரை ஒளியை மாற்றும் கோடு) இடது முனையைத் தூக்கிக் கறுப்பைச் சாம்பலாக்கும், பச்சையைப் பழுப்புப் பக்கம் தள்ளும், நிழல்களில் கொஞ்சம் நீலப்பச்சை, தோலில் கொஞ்சம் ஆரஞ்சு. மேகமூட்டமான ஊரில், மென்மையான வெளிச்சத்தில் எடுத்த படத்துக்கு இது பொருந்தும். ராமநாதபுரத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு எடுத்த படத்தில் போட்டால் வெயிலும் போய்விடும், நிழலும் போய்விடும்.

உங்கள் பிரீசெட்டைக் கடைசியில்தான் உருவாக்க வேண்டும். முதலில், உங்களுக்கே பிடித்த உங்கள் படங்களில் முப்பதை எடுத்து, எல்லா எடிட்டையும் ரீசெட் செய்து, ஒரே திரையில் சின்னதாக அடுக்கிப் பாருங்கள். எதை அடிக்கடி எடுக்கிறீர்கள், எந்த நேரத்து வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்தில் நின்று என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் சாச்சுரேஷனை (வண்ணச் செறிவை) தற்காலிகமாக அடியோடு குறைத்துவிட்டு, ஒவ்வொரு படத்திலும் ஒன்றை மட்டும் முடிவு செய்யுங்கள்: மிகக் கறுப்பான இடம் எது, அது எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும், ஏன்?

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த ஜோன் சிஸ்டத்தின் அடிப்படையும் இதுதான். முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை, 0 முதல் 10 வரை பதினொரு படிகள். இந்தச் சுவர் எந்தப் படியில் விழ வேண்டும் என்று ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே முடிவு செய்துவிடுவார்கள். நீங்கள் கணினி முன்னால் உட்கார்ந்தாவது அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மாதத்துக்கு டோன் கர்வ், மாஸ்க் வைத்து அங்கங்கே ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டாட்ஜ்-பர்ன், இந்த இரண்டைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். படத்தை முறுக்கேற்றும் கிளாரிட்டி, மூட்டத்தை விலக்கும் டீஹேஸ் பக்கம் கை தானாகப் போகும். கட்டுப்படுத்துங்கள். மாதக் கடைசியில் திரும்பிப் பார்த்தால் சில அசைவுகள் படத்துக்குப் படம் வந்திருக்கும். அவற்றைச் சேமித்துக்கொண்டால் அதுதான் உங்கள் பிரீசெட்.

இதெல்லாம் ரா ஃபைலில் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில்) செய்ய வேண்டிய வேலை. ஜேபெக்கில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள்தான் இருக்கின்றன. 14 பிட் ராவில் 16,384. ஜேபெக்கை இழுத்து விளையாடினால் வானம் பட்டை பட்டையாகப் பிரியும்.

கேள்வி: டீல்-ஆரஞ்சு (நிழலில் நீலப்பச்சை, தோலில் ஆரஞ்சு) பாணியில் எடிட் செய்கிறேன். மாநிறமும் கறுப்புமான முகங்கள் ஒன்று செங்கல் நிறமாகின்றன, இல்லையென்றால் சாம்பல் பூத்துவிடுகின்றன. பாணியை விடவும் மனமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பாணியை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். நீங்கள் எடுக்கும் முகங்களுக்கே ஒத்துவராத பாணி எதற்கு?

இது இன்றைக்கு வந்த பிரச்சினையும் இல்லை. ஃபிலிம் காலத்து லேப்களில் வண்ணத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனத்தின் 'ஷெர்லி கார்டு'கள் பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தன. அவற்றில் இருந்தது வெள்ளைத் தோல் பெண் ஒருவரின் முகம். அந்த முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. மற்ற தோல்கள் அதற்குப் பின்னால் கிடைத்தபடி வந்தன. நீங்கள் வாங்கும் பிரீசெட்டுகள் பலவற்றிலும் அதே முகம் ஒளிந்திருக்கிறது.

உடனடி வைத்தியம் வேண்டுமென்றால்: கறுத்த தோலின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சிலும் கொஞ்சம் சிவப்பிலும் இருக்கும். கலர் மிக்ஸரில் ஆரஞ்சின் லூமினன்ஸை (ஒளிர்வை) தூக்கினால்தான் முகம் சாம்பல் பூக்கிறது, அதைத் தொடாதீர்கள். செங்கல் நிறம் வந்தால் ஆரஞ்சின் ஹ்யூவை (நிறச்சாயலை) மஞ்சள் பக்கம் மிகக் கொஞ்சமாக நகர்த்துங்கள். நிழல்களில் போடும் நீலப்பச்சை தோலில் படாதபடி மாஸ்க் போடுங்கள். எடுக்கும்போதும் கவனம் வேண்டும். கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் எதைக் கண்டாலும் நடுச்சாம்பலாக்கத்தான் பார்க்கும். கறுத்த முகம் ஃபிரேமை நிறைத்தால் அது தேவைக்கு மேல் வெளிச்சம் கொடுத்துவிடும். முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்துப் பாருங்கள். கறுத்த தோல் தன் வடிவத்தைக் காட்டுவது அதன் மினுமினுப்பில். பக்கவாட்டில் ஒரு பெரிய ஜன்னல் இருந்தால் போதும்.

இதையே வாழ்நாள் பாணியாக வளர்த்துக்கொண்ட ஒருவரை நீங்கள் பார்க்க வேண்டும். ராய் டிகராவா, 1919இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர். ஓவியம் படித்துவிட்டுப் புகைப்படத்துக்கு வந்தார். 1952இல் குகன்ஹைம் நல்கை (அமெரிக்காவில் கலைஞர்களுக்கும் அறிஞர்களுக்கும் தரும் நிதியுதவி) பெற்றார். அதைப் பெற்ற முதல் கறுப்பினப் புகைப்படக் கலைஞர் அவர்தான். எடுத்ததெல்லாம் தன்னைச் சுற்றி வாழ்ந்த மனிதர்களையும் ஜாஸ் கலைஞர்களையும். ஃபிளாஷைத் தவிர்த்து இருக்கிற வெளிச்சத்திலேயே எடுப்பார். அவருடைய பிரிண்டுகளில் பளிச்சென்ற வெள்ளை அபூர்வம். பெரும்பகுதி அடர் சாம்பலில் இருக்கும், ஆனால் மொத்தமாகக் கறுத்துப் போகாது. 1953இல் எடுத்த ஒரு நடைவழிப் படத்தில் குறுகலான சுவர்களும் மங்கலான ஒரு விளக்கும்தான் இருக்கின்றன. தான் வளர்ந்த குடியிருப்புகளின் நடைவழிகள் எல்லாமே அதில் இருப்பதாக அவர் சொன்னதுண்டு. அதைக் கைபேசியில் சின்னதாகப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தால் ஒரு கறுப்பிலிருந்து அடுத்த கறுப்பு மெல்லப் பிரிந்து வரும். அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றத்தான் அவர் இருட்டறையில் அத்தனை பாடுபட்டார். அந்த இருட்டு படத்துக்கு மேலே போட்ட எஃபெக்ட் இல்லை. அந்த வீடுகளும் அந்த முகங்களும் அப்படித்தான் இருந்தன.

செய்து பாருங்கள்: உங்கள் போர்ட்ரெய்ட் ஒன்றில் முகத்தைத் தொடாமல், பின்னாலுள்ள சுவரையும் வெள்ளைச் சட்டையையும் மட்டும் படிப்படியாக இறக்குங்கள். ஒரு கட்டத்தில் முகம் தானாக முன்னால் வரும்.

கேள்வி: வானத்தைக் கறுப்பாக்குகிறேன், மின்கம்பங்களை அழிக்கிறேன். "இது போட்டோவா, பெயின்டிங்கா?" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். எதுவரை போகலாம்?

பதில்: நண்பர்களுக்கு லின்னேயஸ் ட்ரைப்பைக் காட்டுங்கள். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858இல் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் எல்லாம் போய்ப் படம் எடுத்த ராணுவ கேப்டன். அந்தக் கால நெகட்டிவ் நீல ஒளியை அதிகமாக வாங்கும், அதனால் வானம் வெறுமையாக வெளுத்துவிடும். ட்ரைப் தன் காகித நெகட்டிவ்களில் மெல்லிய சாயம் பூசி மேகங்களைச் சேர்த்தார், மர இலைகளையும் சரிசெய்தார். அதே 1850களில் பிரான்சில் குஸ்தாவ் ல கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டைச் சேர்த்து பிரிண்ட் போட்டார். நம் காலத்தில் ஜெர்மன் புகைப்படக் கலைஞர் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி 1999இல் ரைன் நதியை எடுத்து, கரையிலிருந்த கட்டடங்களைக் கணினியில் நீக்கினார். அந்தப் படத்தின் ஒரு பிரிண்ட் 2011இல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

எந்தப் பெயரில் படத்தைக் காட்டுகிறீர்கள் என்பதுதான் விஷயம். செய்திப் படம், ஆவணப் படம் என்று சொன்னால் எதையும் சேர்க்கவும் கூடாது, நீக்கவும் கூடாது. 2015 வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியில் இறுதிக்கு முந்தைய சுற்று வரை வந்த படங்களில் 20 சதவீதம் இப்படிப்பட்ட வேலைகளுக்காகவே வெளியேற்றப்பட்டன. ஃபைன் ஆர்ட் என்று சொன்னால் தாராளமாகப் போங்கள், கேட்டால் மறைக்காதீர்கள். மின்கம்பம் விஷயத்தில் என் ரசனை வேறு: நம் ஊர்த் தெருவுக்கு மேலே கம்பியே இல்லாத வானத்தைப் பார்த்தால் எனக்கு ஒட்டுவதில்லை.

கேள்வி: பிரிட்டிஷ் நிலக்காட்சிக் கலைஞர் மைக்கேல் கென்னா மாதிரி சதுரம், கறுப்பு வெள்ளை, லாங் எக்ஸ்போஷர் (ஷட்டரை நெடுநேரம் திறந்துவைப்பது) என்று செய்கிறேன். இது காப்பியா?

பதில்: காப்பிதான், ஆனால் படிக்கும் காலத்தில் அது தேவை. கென்னாவே முந்தைய தலைமுறை பிரிட்டிஷ் புகைப்படக்காரர் பில் பிராண்ட் போன இடங்களைத் தேடிப் போனவர். பிராண்ட் 1937இல் எடுத்த ஹாலிஃபாக்ஸ் நகரத்துச் சந்துப் பாதையை 1986இல் தானும் எடுத்து, தலைப்பிலேயே பிராண்டின் பெயரைச் சொல்லிவிட்டார். சான் ஃபிரான்சிஸ்கோவில் புகைப்படக் கலைஞர் ரூத் பெர்ன்ஹார்டுக்குப் பல வருடங்கள் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். பெர்ன்ஹார்ட் எடுத்தவை நிர்வாண உடல்கள், சிப்பிகள். கென்னாவின் நிலக்காட்சிகளில் அவை எதுவும் வரவில்லை. நெகட்டிவை எவ்வளவு தூரம் வளைக்கலாம் என்ற துணிச்சல்தான் அங்கிருந்து வந்தது.

நீங்கள் அனுப்பிய படங்களில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். ஜப்பானின் ஹொக்கைடோ தீவின் பனி கென்னாவுக்கு வெள்ளையைத் தானாகக் கொடுக்கிறது. நீங்களோ தனுஷ்கோடியில் வலை, படகு, ஆட்கள் எல்லாம் நகரும்வரை காத்திருந்து அந்த வெறுமையை வரவழைக்கிறீர்கள். ஒருநாள் அவர்கள் இருக்கும்போதே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: கறுப்பு வெள்ளையோடு நின்றுகொள்வதா, வண்ணமும் செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஒரே தொடருக்குள் கலக்காமல் இருந்தால் சரி. புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங் வாழ்நாள் முழுக்க வண்ணத்திலேயே இந்தியாவை எடுத்தார், இங்கே அதுதான் பொருந்தும் என்று வாதாடவும் செய்தார். வண்ணத்தை எடுத்துவிட்டால் படம் எதை இழக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் இழக்கவில்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஐந்து வருடத்துக்கு முந்தைய படங்களை இப்போதைய பாணியில் திரும்ப எடிட் செய்யலாமா? அது ஏமாற்று வேலை போலத் தோன்றுகிறது.

பதில்: ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்துக்கு மேல் நிலா எழுவதை எடுத்தார். ஆரம்ப கால பிரிண்டுகளில் வானம் சாம்பல், மேகக் கீற்றுகள் தெரியும். 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தால் அடர்த்தியாக்கினார். பிந்தைய பிரிண்டுகளில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. நெகட்டிவ் இசைக்குறிப்பு, பிரிண்ட் கச்சேரி என்பது அவருடைய கொள்கை. பில் பிராண்டும் தன் பழைய சாம்பல் நிறப் படங்களைப் பிற்காலத்தில் கடுமையான கான்ட்ராஸ்டில் திரும்பப் போட்டார். எனக்குப் பல படங்களில் அவருடைய பழைய பிரிண்டுதான் பிடிக்கும், அது வேறு கதை. அதனால்தான் சொல்கிறேன்: பழைய வெர்ஷனை அழிக்காதீர்கள். விர்ச்சுவல் காப்பி (மூலக் கோப்பைத் தொடாத தனிப் பிரதி) எடுத்து அதில் வேலை செய்யுங்கள்.

கேள்வி: திரையில் அருமையாக இருக்கும் படம் பிரிண்டில் இருண்டுவிடுகிறது. லேபைக் குறை சொல்வதா, என்னையா?

பதில்: பெரும்பாலும் உங்கள் திரையின் பிரகாசத்தை. லேப்டாப் திரையை முழுப் பிரகாசத்தில் வைத்து எடிட் செய்தால் படத்தை அறியாமலே இருட்டாக்கிவிடுவீர்கள். பிரிண்டுக்கு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (திரைப் பிரகாசத்தின் அளவு) போதும். காலிபரேட்டர் கருவி இல்லையென்றால், அறை வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை அதற்கு நெருங்கிவரும் வரை பிரகாசத்தைக் குறையுங்கள். அப்புறம் காகிதம். காட்டன் மேட் பேப்பர் தொடுவதற்கு அருமை, ஆனால் அதில் கறுப்பு ஆழமாக இறங்காது. பரைட்டா பேப்பரில் (பேரியம் சல்ஃபேட் பூசிய காகிதத்தில்) நன்றாக இறங்கும். டிகராவா மாதிரி அடர் சாம்பலில் வேலை செய்ய ஆசைப்பட்டால் இந்த வித்தியாசம் உங்களைப் படுத்தும். லேபிடம் பேப்பரின் ஐசிசி புரொஃபைலை (அந்தப் பேப்பரில் வண்ணம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பை) வாங்கி சாஃப்ட் புரூஃப் பாருங்கள், அதாவது பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே பாருங்கள். முழு அளவுக்குப் போகும் முன் முக்கியமான இடத்தை மட்டும் ஒரு கீற்றாக பிரிண்ட் எடுங்கள்.

கேள்வி: போனில் மட்டுமே எடுப்பவனுக்கும் பாணி உண்டா?

பதில்: உண்டு. ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் டைடோ மோரியாமா சட்டைப்பையில் போடும் சின்ன காம்பாக்ட் கேமராவிலேயே தெருத்தெருவாக எடுத்தவர். போனில் ஒரு தொல்லை, நீங்கள் தொடும் முன்பே அது எடிட் செய்துவிடுகிறது: நிழலைத் தூக்கி, வானத்தை அடக்கி, ஓரங்களைக் கூராக்கி. ரா எடுக்கும் வசதி இருந்தால் அதில் எடுங்கள். இல்லையென்றால் எடுக்கும்போதே எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, எடிட்டில் முதல் வேலையாக ஷேடோவைக் கீழே கொண்டுவாருங்கள்.