கைக்குழந்தையின் கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம்: அக்கியா, படர்தாமரையா, லூபஸா?

கேள்வி: காசிமேட்டில் இருக்கிறோம். என் பெண் குழந்தைக்கு ஒன்றரை மாதம். பத்து நாளாக இரண்டு கண்ணைச் சுற்றியும் நெற்றியிலும் சிவப்பு வளையம். அக்கி என்று காவி எழுதினோம். மெடிக்கலில் படர்தாமரை க்ரீம் கொடுத்தார்கள். போட்டால் குறைகிறது, விட்டால் திரும்புகிறது. தோல் டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு, ‘ரோ’ ஆன்டிபாடி இருக்கிறது, பிறந்த குழந்தைக்கு வரும் லூபஸ் என்கிறார். எனக்கு ஒரு நோயும் இல்லை. மாமியாரோ என் ரத்தம்தான் கெட்ட ரத்தம் என்கிறார். தாய்ப்பால் கொடுக்கலாமா? வாழ்நாள் முழுக்க மருந்து வேண்டுமா?

பதில்: தாய்ப்பாலைத் தாராளமாகக் கொடுங்கள். வாழ்நாள் மருந்தும் தேவைப்படாது. ஆனால் நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன்: குழந்தைக்கு ஈசிஜி எடுத்தார்களா? இல்லையென்றால் மற்றதை எல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் அதை எடுத்துவிடுங்கள். ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போங்கள். சில நிமிட வேலை, குழந்தைக்கு வலிக்காது.

ஏன் என்று சொல்கிறேன். லூபஸ் என்பது, நோயை எதிர்க்க வேண்டிய எதிர்ப்புப் பொருள்களே (ஆன்டிபாடிகள்) சொந்த உடம்பைத் தாக்கும் நோய். உங்கள் குழந்தைக்கு வந்திருப்பது வேறு வகை. வயிற்றில் இருக்கும்போது தாயின் ரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. பிறந்த புதிதில் அதற்கு அவைதான் காவல். சில பெண்களின் ரத்தத்தில் ‘ரோ’, ‘லா’ என்ற ஆன்டிபாடிகளும் இருக்கும். அவையும் கூடவே போய்விடுகின்றன. வெயில் பட்ட தோலில் அவை அழற்சியைக் கிளப்பும். அதனால்தான் முகத்திலும் தலையிலும், மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி கண்ணைச் சுற்றியும், பிறந்து சில வாரத்தில் வளையம் தெரிகிறது. உங்கள் மகளின் உடம்பு இந்த ஆன்டிபாடியைத் தயாரிப்பதில்லை. உங்களிடமிருந்து போன கையிருப்பு தீரத் தீர, ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் தடிப்பு அடங்கிவிடும். தழும்பு பெரும்பாலும் நிற்காது. சில குழந்தைகளுக்கு லேசான நிற மாற்றமோ, நூல் போன்ற ரத்த நாளங்களோ கொஞ்ச காலம் தெரியலாம்.

இதே ஆன்டிபாடி இதயத் துடிப்பை நடத்தும் மின்பாதையையும் கெடுக்கலாம். அது கருவிலேயே, பெரும்பாலும் 18 முதல் 24 வாரத்துக்குள் நடப்பது. ‘ரோ’ உள்ள தாய்மார்களுக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 2 பேருக்குத்தான் வரும். ஆனால் தோலைப் போல அது தானாகச் சரியாவதில்லை. துடிப்பு மிகக் குறைந்தால் அதைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைக்க வேண்டிவரும். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறாள் என்பதற்காக ஈசிஜியை விட்டுவிடாதீர்கள். கூடவே ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையும் கல்லீரலும் பார்க்க வேண்டும்.

அடுத்தது வெயில். எண்ணெய் தடவிய பேரப்பிள்ளையைக் காலை ஏழரை மணிக்கு மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்காரும் பாட்டியை காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். காமாலை போகட்டும், எலும்பு உறுதியாகட்டும் என்ற அக்கறைதான் அது. இந்தக் குழந்தைக்கு மட்டும் அது வேண்டாம். வைட்டமின் டி-க்குத் தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து இருக்கிறது. தடுப்பூசிக்கு வெளியே போகும்போது முழுக்கைப் பருத்திச் சட்டை, தொப்பி, குடை. ஆட்டோவில் வெயில் விழாத பக்கமாக உட்காருங்கள். தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம். ஆறு மாதம்வரை சன்ஸ்கிரீனைவிடத் துணியும் நிழலும்தான் நல்லது.

அந்த க்ரீமை இன்றே நிறுத்துங்கள். படர்தாமரைக்கென்று கடையில் எடுத்துக் கொடுக்கும் ட்யூப்களில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். சிவப்பைக் குறைப்பது அதுதான். அதனால்தான் விட்டதும் திரும்புகிறது. கைக்குழந்தையின் இமைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெல்லியது. மருந்து எளிதில் உள்ளே இறங்கும், தோல் இன்னும் மெலியும். தோல் டாக்டர் வீரியம் குறைந்த களிம்பு எழுதிக் கொடுத்தால், அவர் சொன்ன நாள்களுக்கு மட்டும் போடுங்கள். பல குழந்தைகளுக்கு அதுகூடத் தேவைப்படாது. கண்மையும் காவியும் வேண்டாம். ஈரப்பஞ்சால் காவியைத் துடைத்த பிறகுதான் அடியிலிருக்கும் வளையமே என் கண்ணில் பட்ட குழந்தைகள் உண்டு.

உங்கள் மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். இதில் கெட்ட ரத்தம் என்று எதுவும் இல்லை. நீங்கள் சாப்பிட்டதாலோ செய்ததாலோ வந்ததும் இல்லை. இப்படிக் குழந்தை பெறும் தாய்மார்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அதுவரை எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது. குழந்தையின் தோலைப் பார்த்துத்தான் தாய்க்கே விஷயம் தெரிய வரும். அதனால் நீங்களும் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறதா, வாய் வறள்கிறதா, காலையில் விரல் மூட்டு மடங்க மறுக்கிறதா? இருந்தாலும் இல்லாவிட்டாலும், சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையில் மூட்டு வாதப் பிரிவுக்குப் போய் ரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அந்த ரிப்போர்ட்டைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு பத்திரமாக வையுங்கள். ஒரு குழந்தைக்கு இப்படி வந்தால் அடுத்த குழந்தையின் இதயத்துக்கு ஆபத்து சில மடங்கு கூடுகிறது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மாத்திரை அதைக் குறைக்க உதவும்; அடுத்த கர்ப்பத்தின் பத்தாவது வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். மூன்றாம் மாதம் பதிந்துகொள்ளலாம் என்று இருந்தால் நாள் கடந்துவிடும். நாள் தள்ளிப்போன உடனே ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்குப் போங்கள். வயிற்றுக் குழந்தைக்கு இதய எக்கோ எந்த வாரத்திலிருந்து எடுக்க வேண்டும் என்றும் அன்றைக்கே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.