வாசலில் செல்ஃபி, மாடியில் சரிவு: கேக்குக்கு யார் பொறுப்பு?

கேள்வி:

ஐந்து ஆண்டுகளாக வீட்டிலிருந்தபடியே பிறந்தநாள் கேக் செய்து தருகிறேன். பலூன் அலங்காரமும் செய்கிறேன். ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு இரண்டு அடுக்குக் கோட்டை கேக், அதன் உச்சியில் ஒரு கார்ட்டூன் பாத்திரத்தின் உருவம், மொட்டை மாடியில் பலூன் வளைவு என்று ஆர்டர் வந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பி, “இதே மாதிரி வேண்டும்” என்றார்கள். பாதிப் பணம் முன்பணமாக வந்தது. கேக்கை நானே கொண்டுவந்து அங்கே அடுக்கித் தருகிறேன் என்று சொன்னேன். “வேண்டாம், காரில் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்” என்று பதில் அனுப்பினார்கள். சமமான இடத்தில் வைத்து, ஏ.சி. போட்டு, மெதுவாகப் போங்கள் என்று எழுதி அனுப்பினேன். வாசலில் கேக்கோடு செல்ஃபி எடுத்து முகநூலில் போட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது: மேல் அடுக்கு சரிந்துவிட்டதாம். வெயிலில் பலூன்களும் சில வெடித்துவிட்டன. கீழ் அடுக்கை விருந்தினர்களுக்கு வெட்டிக் கொடுத்ததாக அவர்களே சொன்னார்கள். மீதிப் பணம் வரவில்லை. வந்தது வக்கீல் நோட்டீஸ். 15 நாட்களுக்குள் முன்பணத்தைத் திருப்பித் தந்து, மன உளைச்சலுக்காகக் கேக் விலையைப் போல இருபது மடங்கு இழப்பீடும் தர வேண்டுமாம். எனக்கு உணவு உரிமம் இல்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறார்கள். அது உண்மைதான். என்ன செய்வது?

பதில்:

வக்கீல் நோட்டீஸ் என்பது நீதிமன்ற சம்மன் அல்ல. எதிர்த்தரப்பு தன் கோரிக்கையை வழக்கறிஞரின் கடிதத்தாளில் எழுதி அனுப்பியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த 15 நாள் கெடுவை விதித்தது அவர், சட்டம் அல்ல. அதற்காகப் பதில் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். நாளை வழக்கு வந்தால், “நோட்டீஸுக்குப் பதிலே சொல்லவில்லை” என்பது உங்களுக்கு எதிரான முதல் வரியாக இருக்கும்.

வழக்குப் போடுவது அவர்களுக்குச் சிரமமான காரியமும் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வந்த பிறகு, புகார்தாரர் தான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகள் வரை அவகாசமும் உண்டு. வீட்டில் செய்கிறேன், கடை வைக்கவில்லை என்ற வாதம் அங்கே எடுபடாது. காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுத்தீர்கள் அல்லவா, அது போதும்.

இனி, சரிந்த கேக்குக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்தச் செல்ஃபிதான். சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 26-ஆவது பிரிவு சொல்வது இது: வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாத வரை, பொருள் யாருக்குச் சொந்தமோ அவரையே நஷ்டமும் சாரும். நீங்களே கொண்டுபோய் அடுக்கித் தருவதாகச் சொன்னீர்கள், அவர்கள் மறுத்தார்கள், கேக்கை வாசலில் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் கணத்திலேயே கேக் அவர்களுடையது. வழியில் நேர்ந்த விபத்து உங்கள் கணக்கில் வராது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு துள்ளிக் குதிக்க வேண்டாம். உங்கள் வாசலைத் தாண்டும்போதே கேக்கில் குறை ஒளிந்திருந்தால், பொருள் கைமாறியதால் அந்தக் குறை மறைந்துவிடாது. எதிர்த்தரப்பு வக்கீல் கைவைக்கப்போவது இங்கேதான். அதனால் அவர்கள் நோட்டீஸுடன் இணைத்திருக்கும் புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இந்த இடத்தில் என் சட்டப் புத்தகங்கள் உதவவில்லை. கேக் தொழிலில் இருக்கும் ஒருவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அடுக்கு கேக்கில் மேல் அடுக்கு ஒரு மெல்லிய அட்டையின் மேல் உட்காருமாம். அந்த அட்டையைக் கீழ் அடுக்குக்குள் செருகிய குச்சிகள் தாங்குமாம். குச்சிகள் இல்லாவிட்டாலோ போதாவிட்டாலோ மேல் பாரம் நேராகக் கீழே அமிழும். கீழ் அடுக்கின் பக்கவாட்டு பிதுங்கி ஐசிங் வெடிக்கும். தாங்கல் சரியாக இருந்தும் வண்டி சட்டென்று பிரேக் போட்டாலோ, சாய்வான இருக்கையில் பெட்டியை வைத்தாலோ, மேல் அடுக்கு ஒரு பக்கமாக வழுக்கிப் போகும். கீழ் அடுக்கு பெரும்பாலும் உருக்குலையாமல் நிற்கும். அவர்கள் கீழ் அடுக்கை வெட்டி விருந்தினர்களுக்குக் கொடுத்தார்கள் என்றால், அது வெட்டிக் கொடுக்கும் நிலையில் இருந்தது என்றுதானே பொருள்? படத்தில் குச்சி முனைகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். தெரிந்தால், அவர்கள் இணைத்த படமே உங்கள் சாட்சி. குச்சி செருகாமல் விட்டிருந்தால் அதை என்னிடமோ உங்கள் வக்கீலிடமோ மறைக்காதீர்கள். பதிலை எழுதும் விதமே மாறிவிடும்.

சேவையில் குறைபாடு இருந்தது என்று நிரூபிக்க வேண்டிய கடமை முதலில் புகார்தாரரைச் சேர்ந்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் எஸ்ஜிஎஸ் இந்தியா வழக்கில் இதைத் திரும்பவும் சொல்லியிருக்கிறது. ஏ.சி. போட்டு மெதுவாகப் போங்கள் என்று எச்சரித்த உங்கள் செய்தி, அதன் நேரம், அதன் பக்கத்திலிருக்கும் நீல டிக் இவையெல்லாம் பொன்னுக்குச் சமம். வாயால் மட்டும் சொல்லியிருந்தால், “சொல்லவே இல்லை” என்று அவர்கள் ஒரே வரியில் முடித்திருப்பார்கள்.

அடுத்து, “இதே மாதிரி வேண்டும்” என்ற அந்தப் படம். நீங்கள் “சரி” என்று பதில் அனுப்பிய நொடியில் அது வெறும் படமாக இல்லாமல் ஒப்பந்தத்தின் பகுதி ஆகிவிட்டது. அதே 1930 சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி, விவரித்து விற்கும் பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும். இணையத்தில் உலவும் கேக் படங்கள் பல, ஸ்டுடியோ வெளிச்சத்தில், தெர்மோகோல் அடுக்கின் மேல் ஐசிங் பூசி எடுத்தவை. அதை நம் வீட்டுச் சமையலறையிலிருந்து, உண்மையான ஸ்பாஞ்சில் செய்து, காரில் ஏற்றி அனுப்ப ஒப்புக்கொண்டால் வம்பை விலைக்கு வாங்குகிறோம். உங்கள் நல்ல காலம், நோட்டீஸில் உருவம் பொருந்தவில்லை என்ற குறை ஒரு வரிகூட இல்லை. நீங்களாகப் போய் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். இனி வரும் ஆர்டர்களில் “படத்தைத் தழுவிச் செய்யப்படும், நிறமும் அளவும் சற்று மாறலாம்” என்ற ஒரு வரியை அனுப்பி, அதற்குச் சம்மதம் வாங்கிக்கொண்டு பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

பலூன் விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். மொட்டை மாடி என்பது உங்களுக்குத் தெரியும், வெயில் ஏறும் என்பதும் தெரியும். தெரிந்து ஒப்புக்கொண்ட வேலைக்கு வெயிலைக் காரணம் காட்ட முடியாது. வெடித்தவை சிலதான் என்றால் அதற்குரிய தொகையைக் கழித்துக்கொள்ளச் சம்மதியுங்கள்.

இருபது மடங்கு இழப்பீடு? அந்த எண்ணைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்பதற்கு உச்சவரம்பு இல்லை; கொடுப்பதற்கு உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 73-ஆவது பிரிவு, மீறலால் இயல்பாக எழும் நஷ்டத்துக்கும், ஒப்பந்தம் செய்யும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நஷ்டத்துக்கும் மட்டுமே ஈடு தரச் சொல்கிறது. எங்கோ தொலைவில் கிடக்கும் மறைமுக நஷ்டங்களை அது விலக்குகிறது. நுகர்வோர் ஆணையங்கள் மன உளைச்சலுக்கும் இழப்பீடு வழங்குகின்றன என்பது உண்மைதான். ஆனால் முதலில் உங்கள் அலட்சியம் நிரூபணமாக வேண்டும். தொகையும் நேர்ந்த பாதிப்புக்குப் பொருந்தி வர வேண்டும். முன்பணத்தை முழுதாகத் திருப்பிக் கேட்பதும் நிற்காது. ஒரு பொருளை ஏற்றுக்கொண்ட பிறகு, அதில் குறை இருந்தால் விலையில் குறைப்புக் கேட்கலாம், நஷ்ட ஈடு கேட்கலாம். பாதியைச் சாப்பிட்டுவிட்டுப் பொருளையே நிராகரித்தேன் என்று சொல்ல முடியாது.

உங்கள் ஆர்டர் படிவத்தில் “எந்தக் காரணத்துக்காகவும் பணம் திருப்பித் தரப்படாது” என்ற வாசகம் இருந்தால், பதிலில் அதைச் சுட்டிக்காட்டாதீர்கள். குறையுள்ள பொருளுக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை 2019 சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் கொடுக்காததும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. கொடுத்தீர்களா?

இனி உங்கள் பலவீனமான பக்கம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இன் 31-ஆவது பிரிவுப்படி உணவுத் தொழில் செய்பவருக்கு உரிமம் வேண்டும். சிறு உற்பத்தியாளராக இருந்தால் பதிவாவது வேண்டும். வீட்டு அடுப்பில் செய்தாலும் விற்பனைக்கு என்றால் விதிவிலக்கு இல்லை. ஐந்து ஆண்டுகளாகப் பதிவு செய்யாமல் இருந்தது தவறு. உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் அவர்கள் புகார் கொடுத்தால் நடவடிக்கைக்கு இடம் உண்டு. அதே சமயம், பதிவு இல்லாததால் கேக் சரிந்துவிடவில்லை. அதைச் சாப்பிட்டு யாருக்கும் உடம்புக்கு வந்ததாகவும் அவர்கள் சொல்லவில்லை. இரண்டு விஷயங்களையும் ஒன்றாகக் குழப்ப அவர்கள் முயல்கிறார்கள். நீங்கள் தனித்தனியாகவே வைத்திருங்கள். இந்த வாரமே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் (FSSAI) ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். கிடைக்கும் 14 இலக்க எண்ணை இனி ஒவ்வொரு பில்லிலும் போடுங்கள். நோட்டீஸுக்கான பதிலில் முன்பே பதிவு இருந்ததுபோல ஒரு சொல்கூட எழுதாதீர்கள். ஒரு பொய் அகப்பட்டால் மற்ற உண்மைகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

கோட்டைக் கூரைக்குப் பளபளக்கும் பொடி தூவும் பழக்கம் இருந்தால் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். “நச்சற்றது” என்று போட்டிருப்பதாலேயே அது உண்ணத்தக்கது ஆகிவிடாது. கைவினைப் பொருட்களுக்கு விற்கும் மினுமினுப்பைக் குழந்தைகள் தின்னும் கேக்கில் தூவியது தெரியவந்தால், அந்த வழக்கு இதைவிடப் பல மடங்கு கனமானது.

கார்ட்டூன் உருவம் பற்றி நோட்டீஸும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதிகம் யோசிக்காத இடம் அது. சித்திரமாக வரைந்த ஒரு பாத்திரத்தை முப்பரிமாணத்தில் உருவாக்கும் உரிமையும் அதன் பதிப்புரிமைதாரருக்கே சொந்தம் என்று பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 14-ஆவது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. சர்க்கரை மாவில் பிசைந்தால் என்ன, களிமண்ணில் பிசைந்தால் என்ன? வாடிக்கையாளர் கேட்டார் என்பது தற்காப்பு ஆகாது. தெரிந்தே மீறினால், 63-ஆவது பிரிவின் கீழ் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022-இல் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரு பிறந்தநாள் கேக்குக்காகப் பெரிய நிறுவனங்கள் படியேறி வருவது அரிது என்றாலும், கேக் என்றால் அவை கண்டுகொள்ளாது என்று நினைக்க வேண்டாம். 2021-இல் பிரிட்டனில் இரண்டு பெரிய அங்காடி நிறுவனங்கள் ஒரு கம்பளிப்பூச்சி வடிவக் கேக்குக்காகவே நீதிமன்றம் போயின; பிறகு சமரசமாகப் போயின.

இந்த உரிமைக் குற்றச்சாட்டு எழுந்தாலும் உங்கள் வாடிக்கையாளருக்கு அதனால் ஒரு ரூபாயும் கிடைக்காது. அது பாத்திரத்தின் சொந்தக்காரருக்கு உள்ள குறை. ஆனால் பதிலில் “அந்தப் பாத்திரத்தை அச்சு அசலாகச் செய்து கொடுத்தேன்” என்று பெருமையாக எழுதி, கையெழுத்துப் போட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை நீங்களே கொடுத்துவிடாதீர்கள். “ஆர்டர்படி அலங்கரித்த கேக்” என்பதோடு நிறுத்துங்கள். இனிமேல், உரிமம் பெற்று விற்கும் பொம்மையை வாங்கி மேலே வைப்பது பாதுகாப்பான வழி. கோட்டை, மேகம், வானவில், நிறச் சேர்க்கை இவையெல்லாம் யாருக்கும் தனிச்சொத்து அல்ல. வெறும் கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 1978-இலேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது.

மீதிப் பணத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதை நுகர்வோர் ஆணையத்தில் எதிர்க்கோரிக்கையாக வைக்க முடியாது. உரிமையியல் நீதிமன்றம்தான் போக வேண்டும், அதுவும் மூன்று ஆண்டுகளுக்குள். அந்த அலைச்சலுக்கு இந்தத் தொகை தகுமா என்பதைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், பலூனுக்குரியதைக் கழித்து, மீதியிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து முடிக்க முன்வருவேன். ஆனால் அந்தச் சமரச யோசனையை நோட்டீஸுக்கான பதிலில் கலக்காமல், “என் உரிமைகளுக்குப் பாதகமின்றி” என்று தலைப்பிட்டுத் தனிக் கடிதமாக அனுப்புவேன். வழக்கே வந்துவிட்டால், புகாரின் நகலோடு நோட்டீஸ் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வ பதிலைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் இசைந்தால் மேலும் 15 நாள். 45 நாளைத் தாண்டினால் யாராலும் நீட்டிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.

வக்கீல் கட்டணம் யோசனையாக இருந்தால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-இன் 12-ஆவது பிரிவுப்படி, நீங்கள் பெண் என்றால் அந்த ஒரே தகுதியிலேயே உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு; வருமானச் சான்று தேவையில்லை. வழக்குக்கு முன்பே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பேசித் தீர்க்கவும் அங்கேயே கேட்கலாம்.

பதிலை விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப் உரையாடலில் ஒரு செய்தியையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். அந்த வாசல் செல்ஃபி இன்னும் அவர்களுடைய முகநூல் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தேதியும் நேரமும் தெரியும்படி இன்று இரவே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். உங்கள் பதில் போய்ச் சேர்ந்த பிறகு அது அங்கே இருக்காது.