நவம்பரில் வந்த ஹம்மிங் பறவை: ஃபீடரைக் கழற்றலாமா?

கேள்வி: அட்லாண்டா அருகே இருக்கிறோம். கோடையில் ஃபீடருக்கு (சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் குடுவை) வந்த ஹம்மிங் பறவைகள் அக்டோபரிலேயே போய்விட்டன. கழற்ற மறந்த ஃபீடருக்கு இப்போது, நவம்பர் கடைசியில், செம்பழுப்பாக ஒன்று வருகிறது. தீனி கிடைத்தால் தெற்கே போகாமல் குளிரில் செத்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எடுத்துவிடட்டுமா?

பதில்: எடுக்காதீர்கள். பலரும் நம்புவதுதான், ஆனால் தவறு. பறவையைக் கிளப்பிவிடுவது பகல் குறுகுவது. உங்கள் சர்க்கரைத் தண்ணீர் அதைக் கட்டிப்போடாது.

கோடையில் வந்தவை செங்கழுத்து ஹம்மிங் பறவைகள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடு கட்டுவது அந்த ஓர் இனம்தான். இப்போது வந்திருப்பது அனேகமாக ரூஃபஸ் என்ற இனம். வட அமெரிக்காவின் வடமேற்கில், அலாஸ்கா வரை இனப்பெருக்கம் செய்யும். பெரும்பாலானவை குளிர்காலத்துக்கு மெக்சிகோ போகும். சில மட்டும் உங்கள் பக்கம் ஒதுங்கும். வழிதவறி வந்த பாவப்பட்ட ஜீவன் என்று நினைக்க வேண்டாம். 2010 ஜனவரியில் புளோரிடாவின் டலஹாசியில் காலில் அடையாள வளையம் மாட்டிய ஒரு ரூஃபஸ், அதே ஜூனில் அலாஸ்காவில் பிடிபட்டது. இடையே 5,600 கிலோமீட்டருக்கு மேல்! எடையோ மூன்று, நான்கு கிராம்தான்.

இனத்தை உறுதிசெய்ய, வாலை விரிக்கும் நொடியில் படம் எடுங்கள். வாலின் அடிப்பகுதியில் செம்பழுப்பு இருந்தால் செங்கழுத்து இல்லை. ஆனால் ஆலன்ஸ் என்ற இன்னோர் இனத்தின் பெட்டையும் ஏறக்குறைய இதேபோல் இருக்கும். உரிமம் பெற்று வளையமிடுபவர்கள் கையில் பிடித்து, இறகை அளந்துதான் முடிவாகச் சொல்வார்கள்.

சரி, தீனி. ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நாலு பங்கு தண்ணீர். தேன், வெல்லம், சிவப்புச் சாயம் எதுவும் கூடாது. உறைபனி இரவுகளில் ஃபீடரை உள்ளே எடுத்து வைத்து, விடிவதற்கு முன் வெளியே மாட்டிவிடுங்கள். இதில் மட்டும் சோம்பல் படாதீர்கள். குளிர் இரவில் பறவை உடல் சூட்டைத் தணித்துக்கொண்டு மரத்துப்போய்க் கிடக்கும். விழித்ததும் பசியோடு நேரே அங்கேதான் வரும். காலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் செத்துவிட்டது என்று தொட்டுவிடாதீர்கள், சூடேறக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வெளியூர் போனால், ஃபீடர் பொறுப்பை அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடமே கொடுத்துப் பாருங்களேன்.