உதட்டுக் கொப்புளமும் இரண்டு பேர் சந்தேகமும்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 27 வயது. பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார், மாதம் இரண்டு முறை வருவார். இரண்டு வயதில் ஒரு பையன். ஆடிப் பதினெட்டுக்கு வந்தபோது அவர் உதட்டோரம் சின்னச் சின்னதாகக் கொப்புளம் இருந்தது. பூச்சிக்கடி என்றார். அந்த நாட்களில் நாங்கள் வாய்வழியாகவும் சேர்ந்திருந்தோம். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஐந்தாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது, தொடை இடுக்கில் நெறி கட்டியது, கீழே கொப்புளம் வந்து உடைந்து புண்ணாகிவிட்டது. ஒன்றுக்குப் போனால் உயிர் போகிற எரிச்சல். மாமியார் சூட்டுக் கொப்புளம் என்று சொல்லி, குயவர் வீட்டிலிருந்து காவி வாங்கி வந்து தந்தார். பூசினேன். மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் மருந்துக் கடைக்காரர் இவரிடம், "இது ஹெர்பிஸ், தப்பான சகவாசத்தில்தான் வரும்" என்று சொல்லிவிட்டார். இவர் என்னைச் சந்தேகப்படுகிறார். எனக்கோ பெங்களூரை நினைத்தால் தூக்கம் வரவில்லை. யாரும் எங்கும் போகவில்லை என்றால் இது எங்கிருந்து வந்தது? மாமியாரிடம் என்ன சொல்வது?

பதில்: கூச்சத்தை விட்டு எழுதினீர்கள் பாருங்கள், அதனால்தான் என்னால் ஏதாவது சொல்ல முடிகிறது. இதே தொந்தரவோடு நேரில் வருகிறவர்கள் அந்த ஒரு வரியை மட்டும் விழுங்கிவிடுவார்கள். அது இல்லாமல் கணக்கு நேராகாது.

மருந்துக் கடைக்காரர் சொன்ன நோயின் பெயர் அநேகமாகச் சரி, காரணம்தான் தவறு. ஹெர்பிஸ் கிருமியில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பெரும்பாலும் உதட்டில் குடியிருப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேரிடம் இது இருக்கிறது. பலருக்குச் சிறு வயதில், வீட்டுப் பெரியவர்கள் கொடுத்த முத்தத்திலேயே வந்திருக்கும். வந்தபின் காதுக்குப் பக்கத்தில் உள்ள நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். காய்ச்சல், வெயில், தூக்கமின்மை என்று ஏதாவது ஒரு சாக்கில் எழுந்து உதட்டோரம் கொப்புளமாக வரும். அதைத்தான் நாம் பூச்சிக்கடி என்றும் பல்லி எச்சம் என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆடி மாதம் மேல்தளத்தில் நின்று கம்பி கட்டுகிற மனிதருக்கு உதட்டில் அது எழும்பியதில் வியப்பில்லை.

அந்தக் கொப்புள நீரில் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். உதடு பட்ட இடத்தின் தோல் மெல்லியதாக இருந்தால் அங்கே ஏறிவிடும். 2 முதல் 12 நாளுக்குள் வெளியே தெரியும். உங்களுக்கு ஐந்தாம் நாள். முதல் முறை என்றால் நீங்கள் எழுதிய அதே வரிசைதான்: காய்ச்சல், நெறி, எரிச்சல், புண். நேரில் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது என்றாலும், உதட்டில் இருந்த கிருமி உங்களுக்கு வாய்வழியாக வந்தது என்பதுதான் இதில் எனக்கு நேராகப் பொருந்துகிற விளக்கம்.

அதனால் உங்கள் கணவர் உத்தமர் என்று நான் சான்றிதழ் எழுதித் தருவதாக நினைக்க வேண்டாம். உங்களுக்கும் தரவில்லை. இந்தக் கொப்புளம் உங்கள் இரண்டு பேர் மீதும் சாட்சி சொல்லாது. அவ்வளவுதான்.

காவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காவி பூசுவது அக்கிக்கு. அக்கி என்ற அந்த ஒரே பெயரில் நம் ஊரில் இரண்டு நோய்களைச் சொல்கிறோம். விலாவில் ஒரு பக்கமாகப் பட்டை போட்டதுபோல வருவது அம்மைக் கிருமியின் பிற்கால வேலை. இது வேறு. இரண்டும் இரண்டு, மூன்று வாரத்தில் தானாகவே ஆறும். புகழ் குயவருக்குப் போகும்! குயவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் திறந்த புண்ணில் மண் பூசினால் வேறு கிருமி சேர்ந்து சீழ் பிடிக்கும். மறுபடி வந்தால் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் டாக்டரைப் பாருங்கள். அசைக்ளோவிர் மாத்திரை அப்போதுதான் நன்றாக வேலை செய்யும். எரிச்சலுக்கு, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொண்டே சிறுநீர் கழித்தால் தாங்க முடியும். கிருமி உடம்பை விட்டு முழுதாகப் போகாது. ஆனாலும் உதட்டு வகை கீழே வந்தால், மற்ற வகையைப்போல அடிக்கடி திரும்புவதில்லை. கர்ப்பம் தரிக்க இது தடையும் இல்லை. அடுத்த பிரசவத்தின்போது மட்டும் மறக்காமல் சொல்லிவிட வேண்டும், வலி எடுக்கிற நேரத்தில் புண் இருந்தால் அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. வாய்வழி என்றால் ஒன்றும் வராது என்ற எண்ணம் நம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. "டாக்டர், தப்பு ஒன்றும் செய்யவில்லை, வாயோடு சரி" என்பார்கள். வெட்டை நோய் என்கிற கொனோரியா தொண்டையில் தங்கும். பெரும்பாலும் வலியே இருக்காது, இருந்தாலும் சாதாரணத் தொண்டைக் கரகரப்பு என்று உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டுப் போய்விடுவார்கள். சிறுநீரைச் சோதித்தால் தொண்டையில் இருப்பது தெரியாது, தொண்டையிலிருந்தே பஞ்சுக் குச்சியால் எடுத்துப் பார்க்க வேண்டும். மற்ற இடத்தைவிடத் தொண்டையில் அதை ஒழிப்பதும் கடினம். கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையை நம்பக் கூடாது, ஊசிதான் மருந்து.

சிபிலிஸ் இன்னும் தந்திரக்காரன். பழைய பெயர் கிரந்தி, மேகப்புண். உதட்டிலோ நாக்கிலோ கீழேயோ வலியில்லாத ஒரே ஒரு புண் வரும், சில வாரங்களில் தானே மறையும். நோய் போய்விட்டது என்று நினைக்கும்போது உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு வரும். ஆரம்பத்தில் பிடித்தால் ஒரு பென்சிலின் ஊசியில் தீருகிற நோய் இது. ஹெச்.பி.வி கிருமி வாய்வழியாகப் போய்ப் பல வருடம் கழித்துத் தொண்டைப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம், அதற்குத் தடுப்பூசி உண்டு. எல்லோரும் பயப்படுகிற ஹெச்.ஐ.வி. வாய்வழியாகப் பரவுவது மிக மிக அரிது. வாயில் புண்ணோ ஈறில் ரத்தக் கசிவோ இருந்தால் அந்த அபாயம் சற்று ஏறும். தர்மபுரித் தண்ணீரின் புளோரைடால் பல்லில் விழுகிற பழுப்புக் கறைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ரத்தம் கசிகிற ஈறுதான் கவலைக்குரியது.

உங்கள் இருவருக்கும் சந்தேகம் என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தேகத்தோடு குடும்பம் நடத்துவதைவிட ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி ரத்தம் கொடுப்பது எளிது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவைக் கேளுங்கள். நம்பிக்கை மையத்தில் ஹெச்.ஐ.வி. சோதனை இலவசம், முடிவை உங்கள் சம்மதமின்றி யாருக்கும் சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் தோல் அரிப்புக்கு வந்தோம் என்று சொல்லுங்கள், அதே பிரிவுதான். இரண்டு பேரும் சேர்ந்து போக வேண்டும். சிபிலிஸுக்கும் ஹெச்.ஐ.வி.க்கும் இப்போது ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை. ஹெர்பிஸுக்கு மட்டும் ரத்தப் பரிசோதனையில் பணத்தைக் கொட்ட வேண்டாம். கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்தது என்று அது சொல்லும், எந்த இடத்தில், யாரிடமிருந்து என்று சொல்லாது. நிறைய வீடுகளில் சண்டையை மூட்டியது அந்த ஒற்றைக் காகிதம்தான்.

அவரிடம் இதை மட்டும் கறாராகச் சொல்லுங்கள்: உதட்டில் சுருக்கென்று குத்தல் தொடங்கிய நிமிடத்திலிருந்து பொருக்கு உதிரும்வரை வாய்வழி உறவு கிடையாது, பையனுக்கு முத்தமும் கிடையாது. பச்சைக் குழந்தை உள்ள வீட்டில் இந்த முத்தம் உயிருக்கே ஆபத்தாகும். கொப்புளம் இல்லாத நாட்களிலும் கொஞ்சம் பரவக்கூடும் என்பதால் ஆணுறை நல்லது. பெண்ணுக்கு என்றால் ஆணுறையை நீளவாக்கில் வெட்டி விரித்துத் தடுப்பாக வைத்துக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் மட்டும் படக் கூடாது, ரப்பர் பிய்ந்துவிடும். வாய்வழி உறவுக்கு முன்னால் பல் விளக்கவும் வேண்டாம், ஈறு கீறிக்கொள்ளும். வாயைக் கொப்பளித்தால் போதும்.

மாமியாருக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். சூட்டுக் கொப்புளம், ஆறிவிட்டது என்று சொல்லுங்கள். அவர் முதலிலேயே அதைத்தானே சொன்னார்.