ஜப்பான்ல பாஸ்போர்ட்டை ரூம்ல வெச்சுட்டு சுத்தலாமா?

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. வீட்டுக்காரர், 12 வயசு பொண்ணு, இவங்க, மூணு பேரும் பத்து நாள் டோக்கியோ, கியோட்டோ போறாங்களாம். "பாஸ்போர்ட்டை ஹோட்டல் லாக்கர்ல வெச்சுப் பூட்டிட்டு, கலர் ஜெராக்ஸை லேமினேட் பண்ணி கையில வெச்சுக்கலாம்னு அவர் சொல்றாரு, எனக்கு என்னமோ மனசு ஒப்பல, எது சரி?"

உங்க மனசு சொல்றதுதான் சரிங்க. வேற சில நாட்டுக்கு அவர் ஐடியா ஓடலாம், ஜப்பானுக்கு ஓடாது. டூரிஸ்டா வர்றவங்க ஒரிஜினல் பாஸ்போர்ட்டை எப்பவும் கையிலயே வெச்சிருக்கணும்னு அங்க சட்டமே இருக்கு, போலீஸ் கேட்டா காட்டணும், இல்லேன்னா 1 லட்சம் யென் வரைக்கும் ஃபைன் போடலாம். ஜெராக்ஸ், போன்ல ஃபோட்டோ இதெல்லாம் கணக்குல வராது. ரோட்டுல போற எல்லாரையும் நிறுத்திக் கேக்க மாட்டாங்க, பயப்பட வேணாம், ஆனா கேக்குற அன்னிக்குப் பார்த்து அது ரூம்ல இருந்தா என்ன பண்ணுவீங்க? 16 வயசு ஆகாத பிள்ளைங்க கூடவே வெச்சிருக்கணும்னு கட்டாயம் இல்ல, அதனால பொண்ணோடதை நீங்க வெச்சுக்கோங்க, அவ பேக்ல போட்டு விடாதீங்க.

சட்டத்தை விடுங்க, ஷாப்பிங்குக்கே அது வேணும். டாக்ஸ் ஃப்ரீ கடையில பில் போடும்போது ஒரிஜினல் பாஸ்போர்ட்டைத்தான் கேப்பாங்க, ஜெராக்ஸை நீட்டினா சிரிச்சுக்கிட்டே தலை குனிஞ்சு முடியாதுன்னுடுவாங்க. ஹோட்டல்ல செக்-இன் பண்ணும்போதும் வாங்கி காப்பி எடுத்துட்டு அங்கேயே திருப்பிக் குடுத்துடுவாங்க.

என் அனுபவத்துல பாஸ்போர்ட் திருடு போறதை விட மறந்து விட்டுட்டு வர்றதுதான் ஜாஸ்தி. நானே ஒரு தடவை பில் கவுண்டர்ல வெச்சுட்டு, ரெண்டு கையிலயும் பையைத் தூக்கிட்டு ஸ்டேஷன் வரைக்கும் நடந்துட்டேன், மூச்சிறைக்கத் திரும்பி ஓடினா அந்தப் பொண்ணு அதை ஒரு கவர்ல போட்டு எடுத்து வெச்சிருந்துச்சு! அதுல இருந்து ஜிப் வெச்ச, சட்டைக்குள்ள தொங்குற சின்ன பைதான். பேன்ட் பின் பாக்கெட் வேணவே வேணாம்.

அப்ப ஜெராக்ஸ் எதுக்குன்னா, ஒரிஜினல் தொலைஞ்சா. அதுக்கு லேமினேஷன் தேவையில்ல. ஃபோட்டோ இருக்குற பக்கத்தோட நிறைய பேர் நிறுத்திடறாங்க, நம்ம பாஸ்போர்ட்ல அப்பா அம்மா பேரும் அட்ரஸும் கடைசிப் பக்கத்துலதான் இருக்கு, அதையும் சேர்த்து எடுங்க. ஜப்பான்ல இறங்கினதும் இமிக்ரேஷன்ல ஒட்டுற ஸ்டிக்கரையும் போன்ல ஃபோட்டோ எடுத்துக்கோங்க. ஒரு செட் பெரிய சூட்கேஸ்ல, ஒண்ணு அவர் பேக்ல, ஒண்ணு மெயில்ல, ஊர்ல இருக்குற யாராச்சும் ஒருத்தர் கிட்டயும் குடுத்து வெச்சா நல்லது. கூட ரெண்டு மூணு பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ.

தொலைஞ்சுட்டா முதல்ல பக்கத்துல இருக்குற கோபான், அதாவது தெருமுனை போலீஸ் பூத், அங்க போய் தொலைஞ்சதா எழுதிக் குடுத்து ரிப்போர்ட் வாங்குங்க. அந்த ஊர்ல யாராவது எடுத்துக் கொண்டுவந்து குடுத்திருக்கவும் நல்ல சான்ஸ் இருக்கு, அதனால அவசரப்பட்டு கேன்சல் பண்ணிடாதீங்க, ஒருவாட்டி கேன்சல் ஆனா பின்னாடி கிடைச்சாலும் யூஸ் இல்ல. கிடைக்கலேன்னா டோக்கியோல இந்தியன் எம்பஸி, கியோட்டோ பக்கம் இருந்தீங்கன்னா ஒசாகால கான்சுலேட். ஊர் திரும்ப நாள் நெருங்கிட்டா பாஸ்போர்ட்டுக்குப் பதிலா எமர்ஜென்சி சர்டிஃபிகேட் குடுப்பாங்க, அது இந்தியாவுக்கு ஒன்வே மட்டும்தான், வர்ற வழியில சிங்கப்பூர்ல இறங்கி ரெண்டு நாள் சுத்தலாம்னு பிளான் இருந்தா அதை மறந்துடுங்க.

ஆதார், பான் ஒரிஜினல் எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க, அங்க யாரும் கேக்க மாட்டாங்க, ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு போதும்.

நீங்க கேக்காத ஒண்ணு. 2024 ஏப்ரல்ல இருந்து நமக்கு ஜப்பான் டூரிஸ்ட் விசா இ-விசாவா வருது, அதாவது பாஸ்போர்ட்ல ஒட்டாம ஆன்லைன்ல. அதுக்கு மட்டும் இந்த பிரிண்ட் அவுட் பழக்கம் உதவாது, பிரிண்ட்டும் ஸ்கிரீன்ஷாட்டும் ஏத்துக்க மாட்டாங்க, ஏர்போர்ட்ல நெட் கனெக்ட் பண்ணி ஜப்பான் விசா சைட்டைத் திறந்து லைவா காட்டணும். அதனால இறங்கும்போது போன்ல சார்ஜும் நெட்டும் இருக்கணும், மூணு பேரோடதையும் ஒரே போன்ல வெச்சுக்காம உங்க போன்லயும் லாகின் பண்ணிப் பார்த்துட்டு கிளம்புங்க.