பட்டறைத் தபால்: ஹெட்டை எவ்வளவு சீவலாம்?

கேள்வி: என்னிடம் 16 வால்வு மாருதி எஸ்டீம் இருக்கிறது. டர்போ போட வசதியில்லை. ஹெட்டில் 2 எம்.எம். சீவினால் கம்ப்ரஷன் ஏறி வண்டி பறக்கும் என்கிறார் லேத் பட்டறைக்காரர். சீவலாமா அண்ணா?
– திருப்பூர் வாசகர்

பதில்: அளந்து பார்க்கும்வரை வேண்டாம் தம்பி. ஹெட் என்பது சிலிண்டர்களை மேலே மூடும் பாகம். அதன் அடியைச் சீவினால் உள்ளே இடம் குறையும், கலவை இன்னும் நெருக்கி அழுத்தப்படும். எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற எண்தான் கம்ப்ரஷன்.

உங்கள் இன்ஜினின் போர் (சிலிண்டரின் விட்டம்) 74 எம்.எம்., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5. அப்படியானால் ஒரு சிலிண்டர் 324.7 சிசி. கம்ப்ரஷன் 9.5 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடம் 38 சிசி சொச்சம். 2 எம்.எம். சீவினால் அதில் ஒரு 7 சிசி போகும். கம்ப்ரஷன் 11.4 பக்கம் வந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாடப்புத்தகக் கணக்குப்படி இந்த ஏற்றத்துக்குக் கிடைப்பது 5 சதவீதம். 85 குதிரைக்கு 4 குதிரை, அவ்வளவுதான். நாக்கிங் (கலவை தானாகவே பற்றிக்கொண்டு இன்ஜின் அடிப்பது) வந்து, பிளக் பொறி விடும் நேரமான இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் தள்ள வேண்டியிருந்தால் அந்த நாலும் போய், ஏற்கெனவே இருந்ததிலும் கொஞ்சம் போகும்.

சீவிய பிறகு வரும் வேலையைப் பட்டறைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். ஹெட் கீழே இறங்கினால், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டும், அடியில் பிஸ்டன்கள் சுற்றும் கிராங்கை நோக்கி இறங்கும். டைமிங் பெல்ட்டில் வரும் தொய்வை டென்ஷனர் இழுத்துக்கொள்ளும், கேம் மட்டும் சில டிகிரி பின்தங்கிவிடும். அதைச் சரிசெய்ய அட்ஜஸ்ட் செய்யக்கூடிய கேம் புல்லி வேண்டும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் குறையும். பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். பதிந்த இடத்தை வெட்டி அளந்தால், இன்டேக் பக்கம் 1.5 எம்.எம்., எக்ஸாஸ்ட் பக்கம் 2 எம்.எம். தேற வேண்டும். அதற்குக் கீழே என்றால் நான் பூட்டித் தரமாட்டேன்.

ஹெட்டில் கலவை எரியும் அறையை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பள்ளி ஆய்வகச் சாமான் கடையில் கிடைக்கும் 50 மில்லி பியூரெட் (அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்), போர்டு எழுதும் கடையில் வெட்டி வாங்கிய அக்ரிலிக் துண்டு, கொஞ்சம் கிரீஸ். துண்டில் ஓர் ஓட்டை போட்டு, ஹெட்டின் மேல் கிரீஸ் வைத்து ஒட்டி, வால்வும் பிளக்கும் மாட்டிய நிலையில் மண்ணெண்ணெய் விடுங்கள். நிறம் தெரிய டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் போடும் 2டி ஆயில் ஒரு சொட்டு கலந்துகொள்ளலாம். நான்கு அறையையும் அளந்தால் பெரும்பாலும் நான்கும் ஒரே அளவாக இருக்காது. சீவுவதற்கு முன் அவற்றைச் சமப்படுத்துங்கள். கம்பெனி இன்ஜினில் யாரும் தொடாமல் விட்ட வேலை அதுதான்.

இன்னொன்று. ரேஸ் இன்ஜினில் கம்ப்ரஷன் ஏற்றுவது பெரும்பாலும் கேமுக்காக. பெரிய கேம் போட்டால் பிஸ்டன் மேலே வரத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு வெகுநேரம் திறந்திருக்கும். குறைந்த ஆர்பிஎம்மில் உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போகும், கீழ் இழுவை செத்துவிடும். அதை ஈடுகட்டத்தான் 11, 12 என்று போகிறார்கள். கம்பெனி கேம் வால்வைச் சீக்கிரம் மூடிவிடும், உள்ளே வந்தது அத்தனையும் அழுத்தப்படும். அதே கேமை வைத்துக்கொண்டு 11.4-க்குப் போனால், மே மாதம் அவிநாசி ரோட்டு நெரிசலில் உங்கள் இன்ஜின் கலகலவென்று அடிக்கும். கேம், ஹெட் போர்ட் (காற்று போய்வரும் வழி) வேலை, ஈசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) எல்லாம் முடிவான பிறகு கடைசியாக எழுத வேண்டிய எண் கம்ப்ரஷன்.

கேள்வி: ஹோண்டா எஸ்2000 டர்போ இல்லாமலே 2 லிட்டரில் 250 குதிரை கொடுத்ததே. அது 11.7 கம்ப்ரஷனால்தானே?
– மதுரை வாசகர்

பதில்: அதனால் மட்டும் இல்லை. 1999-இல் ஜப்பானில் வந்த அந்த இன்ஜினுக்கு 250 குதிரை கிடைப்பது 8,300 ஆர்பிஎம்மில். சிவப்புக்கோடு 9,000. ஸ்ட்ரோக் 84 எம்.எம்., ஆக 9,000-இல் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 25 மீட்டர். அந்த வேகத்தைத் தாங்க ஃபோர்ஜ் செய்த பிஸ்டனும் நல்ல கனெக்டிங் ராடும் வேண்டும், காற்று உள்ளே போக நல்ல போர்ட் வேண்டும். ஓடும்போதே கேமை மாற்றிக்கொள்ளும் விடெக் அமைப்பு இருப்பதால் கீழே சின்ன கேம், மேலே பெரிய கேம் என்று இரண்டையும் வைத்துக்கொள்ள முடிந்தது. டர்போ இல்லாத இன்ஜினில் காசு போக வேண்டிய இடம் ஆர்பிஎம்மும் காற்றோட்டமும்தான்.

கேள்வி: கம்ப்ரஷன் கேஜில் 180 பிஎஸ்ஐ காட்டுகிறது. வெளிக்காற்றின் அழுத்தமான 14.7-ஆல் வகுத்தால் என் கம்ப்ரஷன் 12-க்கு மேல் என்று அர்த்தமா?
– சேலம் வாசகர்

பதில்: இல்லை. அழுத்தும்போது காற்று சூடாகி அழுத்தம் இன்னும் ஏறும். கேம், பேட்டரி, ஸ்டார்ட்டர் சுற்றும் வேகம் எல்லாம் அந்த எண்ணை மாற்றும். நான்கு சிலிண்டரும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான் கேஜ்.

கேள்வி: கம்பெனி இன்ஜினுக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் பவர் கூடுமா?
– ஈரோடு வாசகர்

பதில்: நாக்கிங் இல்லாத சாதாரண இன்ஜினில் கூடாது. ஆக்டேன் என்பது பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கும் அளவு, அதில் கூடுதல் சக்தி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. சந்தேகமிருந்தால் பிளக்கைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளியோ, பளபளக்கும் அலுமினியத் துகளோ இருந்தால் நல்ல பெட்ரோல் போடுங்கள். சுத்தமாக இருந்தால் அந்தக் காசுக்கு டயர் வாங்கலாம்.